இடம் சொல்லாதவர்கள்

மைக்கை விழுங்குகிற மாதிரி பிடிக்காதீர்கள் என்று காலையில் இவரிடம் இரண்டு தடவை சொன்னேன். இதோ, விழுங்கிக்கொண்டுதான் நிற்கிறார். இனி ஒவ்வொரு 'ப'வுக்கும் ஒரு வேட்டு. 'பருவம்' என்று எடுத்த எடுப்பிலேயே டப் என்று வெடித்தது, முன்வரிசையில் ஒருவர் காதைத் தேய்த்துக்கொள்கிறார். தலைப்பே அதுதான், தூண்டில்காரனின் ஐந்து பருவங்கள், ஆக இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு வாணவேடிக்கை இருக்கிறது. இயேசுவின் ஐந்து திருக்காயங்கள் மாதிரி ஐந்து பருவங்களாம், சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பக்தி. கேட்பதற்கு நாற்பது ஆம்பிளைகள், என்னோடு சேர்த்து நாலு பெண்கள், மற்ற மூன்று பேரும் போன் பார்க்கிறார்கள், கெட்டிக்காரிகள். தூத்துக்குடியில் ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து கறி வாங்கி வீட்டுக்குப் போகிற நேரத்தில், ஓட்டல் மாடியில், ஒரு பக்கம் மட்டும் ஓடுகிற ஏசிக்குக் கீழே, தூண்டில் நண்பர்கள் கழகத்தின் வெள்ளி விழா. நான் கடைசி வரிசையில் ஏசி ஓடாத பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இவர் கூட்டாளி டெரன்ஸ் வந்து "மைனி, முன்னாடி வாங்க, தலைவர் சம்சாரம் பின்னாடி உக்காந்தா நல்லாவா இருக்கு" என்று இளித்தான். இங்கிருந்தால்தான் எனக்கு நன்றாகத் தெரியும் என்றேன். தெரியத்தான் செய்கிறது. இவருக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கட்டியிருக்கிற பேனர், அதில் இவர், பதினேழு வருஷம் இளமையாக, இரண்டு கையிலும் ஒரு கொடுவா மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய. இருபத்திரண்டு கிலோ. கழகத்தின் வரலாற்றிலேயே பெரிய மீன். போட்டோவின் மூலையில் கேமரா போட்ட தேதியும் மணியும் ஆரஞ்சு நிறத்தில், அச்சடித்த கழுதைக்கு அதை வெட்டி எடுக்கத் தெரியவில்லை, ஒவ்வொரு எண்ணும் என் கை அகலம். 12:20. நான் அதைப் பார்க்கப் போவதில்லை. பார்க்காமல் இருப்பதற்காக மின்விசிறியைப் பார்க்கிறேன், அது சுற்றுகிறது, சுற்றி முடித்துக் கண் தானாகக் கீழே இறங்குகிறது, 12:20. அந்த மீனை எங்கே பிடித்தார் என்று டெரன்ஸ் ஒருவனைத் தவிர இந்த நாற்பது பேருக்கும் தெரியாது, பதினேழு வருஷமாகக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். எனக்கும் தெரியாது. அவர்களுக்கு வேண்டியது மீன் இருக்கிற இடம். எனக்கு வேண்டியது, என் பிள்ளை பிறந்து செத்த அந்த மூன்று மணி நேரம் என் புருஷன் நின்ற இடம். அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன். பேசி முடித்ததும் கேள்வி நேரம் என்று அழைப்பிதழிலேயே போட்டிருக்கிறது. கேட்பேன். எழுந்து நின்று, எல்லார் முன்னாலும்.

முதல் பருவம், டப், எப்படியாவது ஒரு மீன். எந்த மீனானாலும் சரி, விரல் நீளம் இருந்தாலும் சரி, ஒன்று கிடைத்துவிட்டால் அன்றைக்கு அவன்தான் ராஜா என்கிறார், எல்லாரும் சிரிக்கிறார்கள், எல்லாரும் ஒரு காலத்தில் ராஜாவாக இருந்தவர்கள்தானே. இவர் ராஜாவானது கல்யாணமான மூன்றாம் மாதம். துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. கூட வேலை பார்த்த டெரன்ஸ் ஒரு மூங்கில் கம்பைக் கொடுத்துப் பழக்கிவிட்டான். நாங்கள் இருந்த தெருவில் பாதி வீடு கடல்தொழில், விடியக்காலையில் கூடை கூடையாக மீன் இறங்கும், அந்தத் தெரு வழியாக இவர் ஒற்றைக் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு வருவார், எதிர்வீட்டு வின்சென்ட் அண்ணன் வலையைப் பிரித்துக்கொண்டே "என்ன மாப்ளே, இன்னிக்கு ஊருக்கெல்லாம் விருந்தா" என்று கேட்பார். எனக்கு அவமானமாக இருக்கும். கான்வென்ட்டில் படித்தவள், சிஸ்டர் பெர்னதீன் கையால் பேச்சுப்போட்டிக் கோப்பை வாங்கியவள், மீன்காரத் தெருவில் மீன் பிடிக்கத் தெரியாத ஒருத்தனைக் கட்டிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு மூன்று கிழங்கான் மீன், செய்தித்தாளில் சுற்றி, மருந்துப் பொட்டலம் மாதிரி, இரண்டு கையாலும் நீட்டினார். மூன்றும் சேர்ந்து ஒரு கைப்பிடி இல்லை. மஞ்சளும் மிளகாயும் தடவி வறுத்தேன். தான் சாப்பிடாமல் நான் முள் எடுத்துத் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். ருசியா இருக்கா பிளேவி, ருசியா இருக்கா. இது ஏன் இப்போது வருகிறது? இதற்கா வந்தேன்? அந்த வறுவல் வாசனை இந்த ஏசி இல்லாத மூலையில் எங்கிருந்து வருகிறது, கீழே ஓட்டல் அடுப்படியில் ஏதோ வறுக்கிறான், அவ்வளவுதான். கோபத்தை அடுப்பில் வைத்தால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், கை ஓய்ந்தால் அடிப்பிடித்துவிடும். கேள்வியை இன்னொரு முறை மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். அந்த மீனை எங்கே பிடித்தீர்கள்? ஐந்து வார்த்தைகூட இல்லை.

இரண்டாம் பருவம் எண்ணிக்கை. ஒன்று போதாது, பத்து வேண்டும், பத்து பிடித்தவனைப் பார்த்தால் பன்னிரண்டு வேண்டும். ஒத்துக்கொள்கிறார், ஒத்துக்கொள்வதில் ஒரு பெருமை வேறு, "அந்தக் காலத்துல நான் ஒரு பேராசைக்காரன்" என்று சொல்லிக் கைதட்டலுக்கு நிறுத்துகிறார், கைதட்டுகிறார்கள். பேராசைக்காரன் பிடித்தான், செதிள் உரித்தது யார்? சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஒரு பக்கெட் ஓரா மீனைக் கொண்டுவந்து முற்றத்தில் கொட்டிவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். ஓரா முள் குத்தினால் கை மணிக்கட்டு வரை வீங்கும், வீங்கிய கையோடு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் நன்மை அப்பம் வாங்க நின்றால் பாதர் என் கையைப் பார்ப்பார், பிறகு என் தலைமுடியைப் பார்ப்பார், முடியில் செதிள் மினுங்கும். தெருவில் கொடுத்துப் பார்த்தேன், ஒரு மாசத்துக்கு அப்புறம் நான் சட்டியோடு வருவதைப் பார்த்தாலே கதவைச் சாத்தினார்கள், கடல்தொழில் வீட்டுக்கு மீன் தானம் கொடுக்க வந்த முதல் பைத்தியம் நான்தான். பிரிட்ஜில் ஐஸ் வைக்கிற பெட்டி முழுக்க மீன், என் மகள் ஷெரிலுக்கு ஜுரம் வந்தபோது நெற்றியில் வைக்க ஐஸ் எடுத்தால் அதிலும் மீன் வாடை. அவள் இப்போது பெங்களூரில் இருக்கிறாள், மீன் சாப்பிடுவதில்லை, அப்பா போன் பண்ணினால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடிக்கிறாள். இதெல்லாம் இவருடைய ஸ்லைடில் வராது. ஸ்லைடில் வருவது ஒரு கயிற்றில் கோத்த முப்பத்தோரு மீன். எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். ஒருத்தர் உண்மையிலேயே எண்ணுகிறார், உதடு அசைகிறது.

மூன்றாம் பருவம். பெரிய மீன். இதோ வந்துவிட்டது. என் முதுகு நிமிர்கிறது, கையிலிருந்த அழைப்பிதழ் எப்படியோ நாலாக மடிந்திருக்கிறது. இந்தக் கதையை நான் மூன்று தடவை கேட்டிருக்கிறேன், இரண்டு தடவை கல்யாண வீட்டில், ஒரு தடவை என் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், அடுப்படி ஜன்னல் வழியாக. ஐம்பது நிமிஷம் போராடினேன் என்பார். தூண்டில் நரம்பு கையை அறுத்தது என்பார். இடம் கேட்டால் சிரிப்பார். அவர்களுக்குள் அது ஒரு நேர்த்தி, மீறக்கூடாத கட்டுப்பாடு, இடம் சொல்லக்கூடாது, மீன் எத்தனை என்று கேட்டால் கூட்டிச் சொல்லலாம், எங்கே என்று கேட்டால் வடக்கே போனவன் தெற்கைக் காட்ட வேண்டும். அதைவிட ஒரு நேர்த்தி, கிளம்பும்போது வீட்டில் யாரும் 'எங்கே' என்று கேட்டுவிடக்கூடாது, கேட்டால் மீன் ஒதுங்கிவிடும். என் மாமியார் கதவைப் பிடித்துக்கொண்டு "தூரமாப்பா?" என்று மட்டும் கேட்பார்கள். நான் அந்தச் சனிக்கிழமை கேட்டேன். தெரிந்தே கேட்டேன். ஏழாம் மாதம், முப்பத்தேழு வயதில் இரண்டாவது, இடுப்பு முந்தின நாளே வலித்தது, எங்கே போறீங்க என்று சத்தமாகக் கேட்டேன். செருப்பைக் கழற்றினார், திரும்பி வந்து உட்கார்ந்தார், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார், சகுனத்தை அழித்தாராம், மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு பதில் சொல்லாமல் போனார். சகுனம் அவரை ஒன்றும் செய்யவில்லை, இருபத்திரண்டு கிலோ கொடுத்தது. எட்டு மணிக்கு நீர்க்குடம் உடைந்தது. இவர் போன் அணைந்திருந்தது, மீன் கடிக்கிற நேரத்தில் மணி அடிக்கக்கூடாது என்று ஸ்கூட்டர் பெட்டிக்குள் அணைத்து வைப்பது இன்னொரு நேர்த்தி. எத்தனை நேர்த்தி, எத்தனை நேர்த்தி, பசிலிக்கா கோயிலில்கூட இத்தனை கிடையாது. வின்சென்ட் அண்ணன் ஆட்டோவில் என்னை ஏற்றி சிஸ்டர்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், என் தம்பி ரெஜி டெரன்ஸுக்குப் போன் போட்டான். டெரன்ஸுக்கு இடம் தெரியும், அவனுக்கு மட்டும்தான் தெரியும். அத்தான் எங்கண்ணே போயிருக்காங்க என்று ரெஜி கேட்டான், வேம்பார் பக்கம்லே என்று அவன் சொன்னான். ரெஜி பைக்கை எடுத்துக்கொண்டு வேம்பாருக்குப் போனான், நாற்பது கிலோமீட்டர், கரை முழுக்க நடந்து அத்தான் அத்தான் என்று கூப்பிட்டிருக்கிறான், தொண்டை கட்டித் திரும்பினான். ஒன்பது பத்துக்குப் பிறந்தாள். ஆயிரத்து நூறு கிராம். நுரையீரல் விரியவில்லை, நெல்லைக்குக் கொண்டுபோனால் வழியிலேயே போய்விடும் என்று டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள், அழுதார்கள்கூட. பன்னிரண்டு ஐந்துக்குப் போய்விட்டாள். பதினைந்து நிமிஷம் கழித்து ஐஸ் கம்பெனித் தராசுக்குப் பக்கத்தில் நின்று இவர் போட்டோவுக்குச் சிரித்தார். சொல்லட்டும். இன்றைக்கும் ஐம்பது நிமிஷம் போராடினேன் என்று சொல்லட்டும், கேள்வி நேரம்வரை காத்திருக்க மாட்டேன், அந்த இடத்திலேயே எழுந்துவிடுவேன், என் முழங்கால் தயாராக இருக்கிறது, இதோ வாயைத் திறக்கிறார். "மூணாவது பருவம் பெரிய மீன் ஆசை. வரும், போயிடும். நாலாவது பருவத்துக்கு வருவோம்." அவ்வளவுதான்? ஹாலில் ஒரு முனகல், ஏமாந்த முனகல், ஒருத்தர் "அண்ணே, அந்தக் கொடுவா கதை" என்கிறார். இவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு கேட்காத மாதிரி அடுத்த ஸ்லைடைப் போடுகிறார். பேனரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் ஓங்கிய கையை எங்கே வைப்பது?

நாலாம் பருவம் கஷ்டமான மீன். சுலபமாகக் கிடைப்பது வேண்டாமாம், மெல்லிய நரம்பு, பொய் இரை, எதிர்க்காற்று. இந்தப் பருவத்தில்தான் இவர் மனுஷரை மதிப்பதை நிறுத்தினார். உயிர் இறால் கோத்துப் போடுகிறவன் காட்டுமிராண்டி, வலை போடுகிறவன் கொள்ளைக்காரன், வின்சென்ட் அண்ணனைப் பார்த்தே சொன்னார், என்னை ஆட்டோவில் தூக்கிப் போட்ட மனுஷனைப் பார்த்து. அண்ணன் கோபப்படவில்லை. "மாப்ளே, நாங்க கொள்ளையடிக்கிறது பொழப்புக்கு, நீங்க கஷ்டப்படுறது பொழுதுக்கு, ரெண்டும் இருக்கட்டும்" என்று சொல்லிப் பீடியைப் பற்றவைத்தார். வீட்டில் பேச்சும் அப்படித்தான் சுருங்கியது, எது சுலபமோ அதை இவர் பேசுவதில்லை. குழந்தை அடக்கத்துக்கு அப்புறம் நாற்பதாம் நாள் டெரன்ஸ் வந்தான், வாசற்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "மைனி, ரெஜி கேட்டான், வாய்ல வேம்பார்னு வந்துச்சு. யாரு கேட்டாலும் அப்படித்தான சொல்லிப் பழக்கம். ஆஸ்பத்திரின்னு அவன் சொல்றதுக்குள்ள நான் சொல்லி முடிச்சிட்டேன், அவன் போனை வச்சிட்டான், சவம், மறுபடி கூப்பிட்டா எடுக்கல." சரி, அழுதுவிட்டாய், இப்போது சொல், எங்கேதான் போயிருந்தார் என்று கேட்டேன். மூக்கைத் துடைத்தான். "அதை அவன்தான் சொல்லணும் மைனி." அழுத கண்ணீர் காயவில்லை, அப்போதுகூடச் சொல்லவில்லை. காப்பி போட்டு வைத்திருந்தேன், வாஷ்பேசினில் கொட்டினேன். இவரிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன், அதே வாரம். தெரிஞ்சு என்ன ஆகப்போகுது என்றார். இரண்டாவது தடவை கேட்கவில்லை, ஒரு கேள்வியை இரண்டு தடவை கேட்பது பிச்சை என்று எனக்கு ஒரு எண்ணம். பதினேழு வருஷம் அந்த எண்ணத்தைச் சுமந்தேன், அது என்ன கழுத்தில் போட்டுக்கொள்கிற நகையா? ராத்திரியும் பகலும் மனதுக்குள் நானே ஊரூராக இவரை நிறுத்திப் பார்த்தேன், பழையகாயல் ஆற்று முகத்தில், முயல் தீவுப் பாறையில், தருவைகுளத்தில், ஒவ்வொரு இடத்திலும் அதே முதுகு, அதே தொப்பி, நான் பின்னாலிருந்து கூப்பிடுகிறேன், திரும்புவதில்லை. தூரம் கூடக் கூட எனக்குச் சமாதானமாக இருக்கும். அவ்வளவு தூரத்தில் இருந்தால் வந்திருக்க முடியாதே. பயமே அதுதானோ? பதில் கிடைத்துவிட்டால் அதற்கப்புறம் ஒரே இடத்தில்தான் இவர் நிற்பார்.

ஐந்தாம் பருவம். குரல் இறங்குகிறது, மைக்கைக்கூடக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிறார், வெடி நின்றுவிட்டது. இப்போது மீனே வேண்டாமாம், தண்ணீர் ஓரம் நிற்பது போதுமாம். பிடித்தாலும் விட்டுவிடுகிறார். ஆறு வருஷமாக என் வீட்டுச் சட்டிக்கு இவர் பிடித்த மீன் வரவில்லை, சந்தையில்தான் வாங்குகிறேன், வாங்கிவந்ததைப் பார்த்து இது சினை மீன், இதைப் பிடித்திருக்கக்கூடாது என்று உபதேசம் பண்ணிவிட்டு இரண்டு துண்டு தின்கிறார். கிறிஸ்தவ வேதக்காரர் வீட்டில் ஒரு புத்தர். விட்டுவிடுவது எப்படி என்று இப்போது செய்து காட்டுகிறார், கையில் மீன் இல்லை, காற்றுதான். "கையை முதல்ல நனைச்சுக்கணும். உலர்ந்த கை பட்டா அதோட மேல்வழவழப்பு போயிடும். சும்மா தூக்கி எறியக் கூடாது. தண்ணிக்குள்ள ரெண்டு கையாலயும் ஏந்திப் பிடிக்கணும். தலை தண்ணி ஓடுற ஒழுக்குக்கு எதிரா இருக்கணும். மூச்சு திரும்புற வரைக்கும் பிடிச்சிருக்கணும், அவசரப்படக் கூடாது, கொஞ்ச நேரத்துல கையிலயே அதுக்கு உயிர் வர்றது தெரியும்." மூச்சு திரும்புற வரைக்கும். நனைந்த கை. ஆஸ்பத்திரியில் அவசர ஞானஸ்நானத்துக்குச் சிஸ்டர் லியோனா கையை நனைத்தார்கள், எவர்சில்வர் டம்ளரிலிருந்து, இரண்டு விரலால், அந்தச் சின்ன நெற்றியில் தண்ணீர் நிற்கக்கூட இடமில்லை, காதோரம் ஓடிவிட்டது. பேர் சொல்லும்மா, சீக்கிரம் ஒரு பேர் சொல்லு என்றார்கள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பேர் யோசித்திருக்கவில்லை, இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறதே என்று விட்டிருந்தோம். ஜெசிந்தா என்று நானாகச் சொன்னேன், பள்ளியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் பேர், வேறு எதுவும் வரவில்லை. சிஸ்டர் அவளை இரண்டு கையாலும் ஏந்தி என் நெஞ்சில் வைத்தார்கள், நான் பிடித்திருந்தேன், அவசரப்படவில்லை, மூன்று மணி நேரம் அவசரப்படவில்லை, மூச்சு ஒவ்வொன்றாக வந்தது, ஒவ்வொன்றுக்கும் நடுவில் நீளம் கூடிக்கொண்டே போனது, திரும்பவில்லை. இந்த மனுஷர் மீனுக்கு மூச்சு வர வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்! எந்த ஊரில், எவனிடம், எத்தனை மீன் செத்து? எதிரே நாற்பது ஆம்பிளைகளும் காற்றில் கையை ஏந்திப் பழகுகிறார்கள், இரண்டு பேர் கண்ணைக்கூட மூடியிருக்கிறார்கள். எனக்கு நாற்காலியைத் தூக்கி எறிய வேண்டும்போல இருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலி, எறிந்தாலும் யாருக்கும் வலிக்காது.

கைதட்டல். டெரன்ஸ் மைக்கை வாங்குகிறான், கேள்வி கேட்கலாம் என்கிறான். ஒரு பல் டாக்டர் எழுந்து கலங்கல் தண்ணீருக்கு எந்த நிறப் பொய் இரை என்று கேட்கிறார், இவர் பதில் சொல்கிறார், நிதானமாக, நல்ல வாத்தியார் மாதிரி. நீலத்தொப்பி போட்ட புதுசு ஒருத்தர், போன மாசம்தான் கழகத்தில் சேர்ந்தாராம், முகத்தில் அப்படியே முதல் பருவம், நோட்டும் பேனாவுமாக எழுதிக்கொண்டிருக்கிறார்.   எழுந்துவிட்டேன். நாற்காலி தரையில் கிறீச்சிட்டது, எல்லாத் தலையும் திரும்பியது.

"அட, மைனிக்கும் சந்தேகமா?" என்கிறான் டெரன்ஸ். "வீட்டுல கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கானா?"

சிரிப்பு. நான் அது அடங்கும்வரை காத்திருக்கிறேன்.

"அந்த மீனை எங்கே பிடிச்சீங்க?"

 ஹால் இடிந்து விழுகிற மாதிரி கூச்சல், விசில், மேசையைத் தட்டுகிறார்கள். "சரியான கேள்வி!" "மைனி, பதினேழு வருஷமா கேக்கோம், அசைய மாட்டேங்காரு!" "அக்காவுக்கே சொல்லலையாவே, நமக்கா சொல்லப்போறாரு!" டெரன்ஸ் மட்டும் சிரிக்கவில்லை, மைக்கின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டு இவர் காதில் என்னவோ சொல்கிறான், பிறகு கையை எடுத்து, "சரி சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்" என்கிறான். இவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இத்தனை தலைகளுக்கு மேலாக என்னை மட்டும். கண்ணாடியைக் கழற்றுகிறார். வயசாகிவிட்டது இவருக்கு, கண்ணுக்குக் கீழே இரண்டு பை, இதை நான் எப்போது கவனிக்காமல் விட்டேன்? டெரன்ஸ் கையிலிருந்து மைக்கை வாங்குகிறார்.

"இல்லடே. சொல்லிடுதேன்."

 மின்விசிறிச் சத்தம் கேட்கிறது. 

"ஊருக்குள்ளதான். சிஸ்டர்ஸ் ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி உப்பளத்துக்குக் கடல்தண்ணி வர்ற வாய்க்கால் இருக்குல்லா, அங்கே. மதகைத் தாண்டி கிழக்கால. ஆஸ்பத்திரி மதில் அங்க இடிஞ்சு கிடக்கும்." எச்சில் விழுங்குகிறார், மைக் அதையும் சொல்கிறது. "பத்தரை மணி இருக்கும் கடிக்கையில. முதல் தடவை அது மேல எழும்பினப்போ நான் கத்துனேன். சின்னப் பிள்ளை மாதிரி கத்துனேன். கத்திக்கிட்டே இருந்தேன். ஒரு சிஸ்டர் வந்து ஜன்னல்ல நின்னு பாத்தாங்க. கையைக் காட்டினேன், மீனைக் காட்டினேன். அவுங்க ஜன்னலைச் சாத்திட்டாங்க." கண்ணாடியை மேசையில் வைக்கிறார். "சாயங்காலம் வார்டுக்குள்ள வந்து நின்னப்போ அந்த ஜன்னலை உள்ள இருந்து பாத்தேன். பிளேவி, அதுக்கப்புறம் நான் யார்கிட்டயும் இடம் சொல்லல. நேர்த்திக்காக இல்ல."

அந்த ஜன்னலைச் சாத்தியதும் வெளிச்சம் போனது. எனக்கு அது தெரியும். ஜெசிந்தாவின் முகத்தில் இருந்த வெளிச்சம் திடீரென்று போனது, ஏன் சிஸ்டர் இருட்டாகிவிட்டது என்று கேட்டேன், யாரோ குடிகாரன்மா, கத்துறான், நீ பிள்ளையைப் பாரு என்றார்கள். நான் பிள்ளையைப் பார்த்தேன். வெளியே ஒருத்தன் கத்துவது எனக்கும் கேட்டது. சந்தோஷமாகக் கத்தினான். எவனுக்கோ இன்றைக்கு நல்ல நாள் என்று நினைத்தேன், அப்படியேதான் நினைத்தேன், அவன் நாசமாகப் போகட்டும் என்றும் நினைத்தேன். இரண்டையும் இவருக்குத்தான் நினைத்திருக்கிறேன். மைக்கை இறக்கிவிட்டு இவர் நிற்கிறார், இரண்டு கையும் எதையோ ஏந்துகிற மாதிரி முன்னால் இருக்கிறது, அதை எங்கே வைப்பது என்று இவருக்கும் தெரியவில்லை. முன்வரிசையில் ஒருவர் தலையைக் குனிந்திருக்கிறார். டெரன்ஸ் சுவரைப் பார்க்கிறான்.  அந்த அமைதிக்குள்ளே கீச்கீச் என்று ஒரு சத்தம், பேனா ஓடுகிற சத்தம்.

"சார்," என்கிறார் நீலத்தொப்பி, மெதுவாக, மரியாதையாக. "மதகுக்குக் கிழக்கேன்னா... ஒரு எத்தனை அடி இருக்கும்?"

"ஏலே, வாயை மூடுடே!" என்கிறான் டெரன்ஸ்.

ஆனால் இன்னும் இரண்டு மூன்று பேர் போனைக் கையில் எடுத்துவிட்டார்கள், எனக்கு இங்கிருந்து நன்றாகத் தெரிகிறது, ஒருத்தர் வரைபடத்தை விரலால் பெரிதாக்குகிறார்.  இவரால் சொல்ல முடியாது. அன்றைக்கு இவர் வெளியிலிருந்து பார்த்தவர், அதுவும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

"வார்டு வாசல் பக்கத்துலேர்ந்து மூணாவது ஜன்னல்," என்கிறேன். "அதுக்கு நேர் எதிரே. எழுதிக்கோங்க."